அல்பாக்காவைச் சாய்த்த புழுவும் நம் வெள்ளாட்டுப் புழுவும் ஒன்றுதானா?

கேள்வி: சங்கராபரணிக்கரை (வில்லியனூர், புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை திருமணமாகிப் பிரான்சுக்குப் போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அந்த நாட்டில் இருப்பது புதிய செய்தி அல்ல. ஆனால் அவளும் அவள் கணவரும் நகரத்து வேலையை விட்டுவிட்டு, மழை மிகுந்த மேற்குப் பகுதியில் சிறிது நிலம் வாங்கி, மூன்று ஆண்டுகளாக ஒன்பது அல்பாக்காக்களை வளர்த்து வருவது எங்கள் குடும்பத்துக்குப் புதியது. அல்பாக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒட்டகத்தின் உறவினமான அந்த விலங்கு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டைச் சேர்ந்தது. நம் செம்மறியைவிட உயரமாகவும், கழுத்து நீண்டும், உடல் முழுவதும் அடர்ந்த கம்பளி மயிரோடும் இருக்கும்.

சென்ற அக்டோபரில் அவற்றுள் இரண்டு அடுத்தடுத்து இறந்துவிட்டன. முதலாவது பெட்டை காலையில் மற்றவற்றோடு சேர்ந்து மேய்ந்திருக்கிறது. மாலையில் படுத்தது எழவில்லை, மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. கழிச்சல் இல்லை, இருமல் இல்லை, தீனியையும் விடவில்லை. நான்கு நாள் கழித்து இரண்டாவது இறந்தபோது அங்குள்ள மருத்துவர் வயிற்றை அறுத்துப் பார்த்து, அந்தப் படத்தைத் தங்கை எனக்குக் கைப்பேசியில் அனுப்பினாள். பார்த்தவுடன் எனக்கு உடல் சிலிர்த்தது. இரைப்பையின் உட்சுவரில், தலைமயிரைவிடச் சற்றே தடித்த, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் துண்டுகள் போன்ற புழுக்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில் கரையைக் கடந்து, வெள்ளம் வடிந்த சில வாரங்களில் நான் ஐந்து வெள்ளாடுகளை இழந்தேன். அப்போது எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் ஓர் ஆட்டை அறுத்துக் காட்டியதும் இதே காட்சிதான்.

என்னிடம் இப்போது 22 வெள்ளாடுகள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் எல்லா ஆடுகளுக்கும் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து ஊற்றி வருகிறேன். கடையில் சொன்ன அளவைத்தான் கொடுக்கிறேன். இருந்தும் இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு மூன்று ஆடுகளுக்குத் தாடைக்கீழ் நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது, ஒரு குட்டி இறந்தும்விட்டது. மருந்து ஊற்றி இருபது நாள்கூட ஆகவில்லை.

கண்டம் விட்டுக் கண்டம் இருக்கும் இந்த இரு விலங்குகளையும் ஒரே புழுதான் கொல்கிறதா? அந்த அல்பாக்கா ஏன் எந்த அறிகுறியையும் காட்டவில்லை? மருந்து ஊற்றியும் என் ஆடுகள் ஏன் மெலிகின்றன? தங்கை, “அக்கா, நீ தலைமுறையாக ஆடு பார்த்தவள், உனக்குத் தெரியாதா?” என்று கேட்கும்போது சொல்லப் பதில் இல்லாமல் நிற்கிறேன். அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: கெடிலம் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கடலூர்)

அம்மா, நீங்கள் படத்தில் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறீர்கள். அந்தப் புழுவுக்கு ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்று பெயர். பெண் புழு 2 முதல் 3 செ.மீ. நீளம் இருக்கும். குடித்த ரத்தத்தால் சிவந்த அதன் குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பைக் குழாய் திரிதிரியாய் முறுக்கிக் கிடப்பதால்தான் உங்களுக்கு இருநிற நூல்போலத் தெரிந்தது. வெள்ளாடு, செம்மறி இரண்டிலும் இது நாலாம் இரைப்பையில் குடியிருக்கும். அல்பாக்காவின் இரைப்பைக்கு மூன்று அறைகளே உண்டு. அதனால் அங்கே அமிலம் சுரக்கும் மூன்றாம் அறையில் தங்குகிறது. விலங்கு வேறு, வீடு வேறு என்றாலும் புழு ஒன்றேதான். ஆடும் அல்பாக்காவும் ஒரே புல்லில் மேய்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாகப் பரவும். உங்கள் தங்கையின் நிலத்திலோ பக்கத்து நிலத்திலோ செம்மறிகள் மேய்ந்தனவா என்று கேட்டுப் பாருங்கள்.

இது எப்படிக் கொல்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மி.லி. ரத்தத்தை வெளியேற்றுகிறது. ஓர் ஆட்டின் வயிற்றில் 1,000 புழுக்கள் இருப்பது மழைக்காலத்தில் அரிதான செய்தி அல்ல. அப்படியிருந்தால் நாளுக்கு 50 மி.லி. ரத்தம் போகிறது. 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்த ரத்தமே 1.4 லிட்டர் அளவில்தான் இருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள், பத்தே நாளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உடல் புது ரத்தத்தை உண்டாக்கி ஈடுகட்டப் பார்க்கும். அதற்கு வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் தீர்ந்த நாளில் ஆடு சாய்ந்துவிடும். ரத்தத்தோடு புரதமும் வெளியேறுவதால் நீர், குழாய்க்குள் நிற்காமல் கசிந்து தாடைக்கீழ் சேர்கிறது. பகலெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது அந்த வீக்கம் பெரிதாகவும், காலையில் சற்று வடிந்தும் இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

நம் மக்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் புழு மட்டும் இருந்தால் கழிச்சல் வராது. புழுக்கை உருண்டையாக, காய்ந்து, பார்க்க நன்றாகவே விழும். “புழுக்கை நன்றாக இருக்கிறது, அப்படியானால் புழு இல்லை” என்று எண்ணி இருந்துவிட்டு ஆட்டை இழந்தவர்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். உங்கள் தங்கையின் அல்பாக்காவும் அப்படித்தான் இறந்திருக்கிறது.

அது அறிகுறி காட்டாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒட்டக இனத்தின் ரத்தச் சிவப்பணுக்கள் மற்ற பாலூட்டிகளுடையவை போல வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். அவை ரத்தம் மெல்ல மெல்லக் குறைவதை நெடுநாள் தாங்கிக்கொள்ளும். கூட்டமாக வாழ்ந்து வேட்டை விலங்குக்கு அஞ்சிய எந்தப் பிராணியும் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது, அல்பாக்கா இதில் ஆட்டைவிடப் பல மடங்கு அழுத்தம். நமக்குத் தெரியும்போது அது தாங்கும் எல்லையைக் கடந்திருக்கும்.

இனி உங்கள் ஆடுகளுக்கு வருகிறேன். பெண் புழு ஒன்று நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். நம் ஐப்பசி, கார்த்திகைச் சூட்டிலும் ஈரத்திலும் அந்த முட்டை பொரித்து, தொற்றக்கூடிய இளம்புழுவாகி, பனிநீர் படிந்த புல்லின் மேல் ஏறி நிற்க ஐந்தாறு நாளே போதும். ஆட்டின் வயிற்றுக்குள் போனபின் ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கும். ஆகவே மழை பிடித்த நான்கைந்து வாரத்தில் ஆடுகள் வரிசையாக மெலிவதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நாள்காட்டி பார்த்து ஊற்றும் மருந்து அதற்கு ஈடுகொடுக்காமல் போவதும் இயல்பே. கோடையில் காய்ந்த தரையில் இளம்புழு மடிந்துகொண்டிருக்கும்போது ஊற்றும் மருந்து பெரும்பாலும் வீண், மழையில் அதே மருந்து போதாது.

ஆனால் மருந்து ஊற்றி இருபது நாளில் தாடை வீங்குகிறது என்றால், உங்கள் பட்டியிலுள்ள புழுக்கள் அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டனவோ என்ற ஐயம் எனக்கு வலுவாக எழுகிறது. அல்பெண்டசோல் சேர்ந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான தயாபெண்டசோல் 1961-இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த மூன்று ஆண்டுக்குள் அதற்கு மசியாத ஹீமான்கஸ் புழுக்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். நாம் அதே குடும்பத்தை அறுபது ஆண்டுகளாக ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அதிலும் வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்தைச் செம்மறியைவிட விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். கடையில் செம்மறிக்குரிய அளவைச் சொல்லி, அதையும் கண்மதிப்பில் ஊற்றினால், புழுவில் பலவீனமானது சாகும், பலமானது பிழைத்துப் பெருகும்.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி புழுக்கைப் பரிசோதனைதான். மருந்து ஊற்றும் நாளில் பத்து ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனியே கொடுத்து முட்டையை எண்ணச் சொல்லுங்கள். 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடியும் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்குக் குறைவாகவே இறங்கியிருந்தால் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று கொள்ளலாம். உங்கள் வில்லியனூருக்குப் பக்கத்திலேயே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல் ஆசனவாயிலிருந்து நேராக எடுத்து, சிறு பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, பனிக்கட்டியோடு அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயிலில் வைத்தால் முட்டை வழியிலேயே பொரித்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும்.

அதுவரை கடைக்காரரிடம் “இதைவிடப் பலமான மருந்து கொடுங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் புழுவுக்கு நன்கு வேலை செய்யும் குளோசன்டெல் என்னும் மருந்தை அளவு மீறிக் கொடுத்துக் கண்பார்வை போன ஆடுகள் உண்டு. லெவாமிசோல் என்னும் மருந்திலும் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. அல்பெண்டசோலையும் சினை பிடித்த முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது. மருத்துவர் எடையைக் கேட்டு எழுதித் தரட்டும்.

பதில் 2: பெருமாள்ஏரி (குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்)

அக்கா, மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் நான் படிப்பறிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட ஆடுகளை ஏரிக்கரையில் வைத்துப் பிழைப்பவன் என்ற முறையில் செய்முறையை மட்டும் எழுதுகிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். புட்டியின் மூடியால் அளந்து, பெரிய ஆட்டுக்கு இரண்டு மூடி, குட்டிக்கு ஒன்று என்று வழக்கம். ஒரு மழைக்காலத்தில் பதினொரு குட்டிகள் போன பிறகு ஒரு தொங்கு தராசை வாங்கி, சாக்கில் ஓட்டை போட்டுத் தூளி போல் கட்டி, ஒவ்வோர் ஆட்டையும் தூக்கி நிறுத்தேன். நான் 25 கிலோ என்று நினைத்திருந்த தாயாடு 34 கிலோ இருந்தது. அன்றுதான் பல ஆண்டுகளாகக் குறைவாக மருந்து ஊற்றிப் புழுவைப் பழக்கியது நானே என்று விளங்கியது. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மழை தொடங்கியதிலிருந்து தை வரை பதினைந்து நாளைக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் கண் பார்க்கிறேன். நிழலில் பார்க்கக் கூடாது, நல்ல பகல் வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்த வேண்டும். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி மெல்ல உள்நோக்கி அழுத்திக்கொண்டு, மறு விரலால் கீழ் இமையைத் தாழ்த்தினால், உள்சவ்வு பிதுங்கி வெளியே வரும். அந்தச் சவ்வின் நிறத்தைப் பார்க்க வேண்டுமே தவிர இமை விளிம்பையோ வெள்ளை விழியையோ பார்த்து ஏமாறக் கூடாது. செம்பருத்தி போலச் சிவந்திருந்தால் அந்த ஆட்டை விட்டுவிடுவேன். வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் மருந்து. சோற்றுக் கஞ்சி போல வெளுத்திருந்தால் மருந்தோடு அந்த ஆட்டை நடக்கவிடாமல் கொட்டகையிலேயே கட்டி, அகத்தியும் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்து, மருத்துவரை அழைத்துவிடுவேன். அப்படி வெளுத்த ஆட்டை மருந்து ஊற்றத் துரத்திப் பிடித்தபோதே மூச்சிரைத்து என் கையில் விழுந்து இறந்ததும் உண்டு. அதனால் அதை மெல்ல நடத்தி மூலைக்குக் கொண்டுவந்து பிடியுங்கள்.

இதற்கு ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை ஒன்று இருப்பதையும், தென்னாப்பிரிக்காவில் அதை உருவாக்கியவரின் பெயரால் ஃபமாச்சா என்று அழைப்பதையும் பயிற்சிக்குப் போனபோது காட்டினார்கள். முக்கியமாக அங்கே கற்றது, எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றக் கூடாது என்பது. மந்தையில் சில ஆடுகளே பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. கண் சிவந்த ஆடுகளுக்கு ஊற்றாமல் விட்டால், அவற்றின் வயிற்றிலுள்ள மருந்தறியாத புழுக்கள் தொடர்ந்து முட்டையிட்டு, மருந்துக்கு மசியாத புழுக்களோடு கலந்து அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும். இதை முதலில் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பதா என்றிருந்தது. நான்கு மழைக்காலம் செய்து பார்த்தபின் சொல்கிறேன், மருந்துச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது, சாவும் குறைந்தது.

மேய்ச்சலில் செய்வது இரண்டுதான். பனிநீர் காயும் வரை, அதாவது கார்த்திகை, மார்கழியில் காலை ஒன்பதரை பத்து மணி வரை, ஆட்டைத் திறப்பதில்லை. தரையோடு தரையாகப் புல் குட்டையான இடத்தில் மேய விடுவதும் இல்லை, ஏனெனில் புழு புல்லின் அடியிலேயே அதிகம் நிற்கும். கிளுவை, கொடுக்காப்புளி, கருவேலங்கிளை, பூவரசு என்று தலைக்குமேல் எட்டித் தின்னும் தழைக்குப் பழக்கினால் வெள்ளாடு தன் இயல்புப்படியே வாழும், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். நீர் வடிந்த ஏரிப் புறம்போக்கில் மார்கழி முழுவதும் பச்சைப் புல் கண்ணைப் பறிக்கும், அதில் மட்டும் இறக்காதீர்கள். அங்கே நத்தையால் வரும் ஈரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் சேர்ந்துகொள்ளும், அவற்றுக்கு வேறு மருந்து வேண்டும். குட்டிகளுக்கு மட்டுமாவது பரண் கொட்டகை போட்டுவிடுங்கள். புழுக்கை கீழே விழுந்துவிட்டால் அவை அதை மிதித்துத் தின்ன வாய்ப்பில்லை.

சங்கராபரணிக்கரை (கேள்வி கேட்டவர்)

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. நேற்றுக் காலை வெளிச்சத்தில் 22 ஆடுகளுக்கும் கண் பார்த்தேன். ஐந்துக்கு வெளுத்திருந்தது. பத்து ஆடுகளின் புழுக்கையை குரும்பாபேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தங்கையிடம் விசாரித்ததில், அவர்கள் நிலத்தை வாங்குவதற்கு முன் அங்கே செம்மறிகள் மேய்ந்திருக்கின்றன. இப்போதும் வேலிக்கு அப்பால் பக்கத்துக்காரரின் செம்மறிகள் இருக்கின்றன. மீதமுள்ள ஏழு அல்பாக்காக்களின் புழுக்கையை அங்குள்ள ஆய்வகத்தில் பார்த்தார்கள். ஹீமான்கஸ் முட்டைகளோடு, ஒரு குட்டியின் புழுக்கையில் மிகப் பெரிய, கருநிற முட்டை போன்ற ஒன்றைக் கண்டு அதற்குத் தனி மருந்து எழுதியிருக்கிறார்களாம். ஆட்டில் இப்படி எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. நம் ஆட்டுக்குரிய அளவிலேயே அல்பாக்காவுக்கும் மருந்து கொடுக்கலாமா என்றும் கேட்கிறாள். அல்பாக்காவை நேரில் கையாண்டவர் யாரேனும் இங்கே இருக்கிறீர்களா?

பதில் 3: பாகூர்ஏரி (பாகூர், புதுச்சேரி)

வணக்கம் அக்கா. நான் புதுச்சேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அல்பாக்கா பண்ணை ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணி செய்து திரும்பியவன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அங்கே என் கண்முன் இறந்த விலங்குகள் நினைவுக்கு வந்ததால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெருவிலும் பொலிவியாவிலும் இந்த விலங்கு 3,500 மீட்டருக்கு மேலான உயரத்தில், குளிரும் வறட்சியும் காற்றும் உள்ள பரந்த மேய்ச்சலில் வாழப் பழகியது. அதற்கு இயற்கை கொடுத்த காப்பு ஒன்று உண்டு: கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில் வந்து புழுக்கை போடும், அந்தக் குவியலைச் சுற்றி மேயாது. மலைவெளியில் இது போதும். அதே விலங்கைத் தாழ்நிலத்தில், மழை பெய்யும் ஊரில், ஓர் ஏக்கருக்குள் வேலி கட்டி அடைத்தால், மழைநீர் குவியலைக் கரைத்துப் புல்வெளி எங்கும் பரப்பிவிடும், வேறு புல் இல்லாமல் அதுவும் குவியல் ஓரம் வரை வந்து மேயும். ஆகையால் தங்கை செய்ய வேண்டிய முதல் வேலை, வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்தக் குவியல்களை வாரி அப்புறப்படுத்துவது. ஒரே இடத்தில் விழுவதால் இது எளிது. ஆட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

அடுத்து அந்தக் கரிய முட்டை. அது புழு முட்டை அன்று, எய்மீரியா மக்குசானியென்சிஸ் என்னும் ரத்தக்கழிச்சல் கிருமியின் உறைமூடிய கரு. நம் ஆட்டுக்குட்டிகளுக்கும் கோழிகளுக்கும் வரும் காக்சிடியாவின் உறவினம் என்றாலும், இந்த வகை ஒட்டக இனத்தை மட்டுமே தாக்கும், ஆகவே ஆட்டுக்கு வராது. இது தொற்றியதிலிருந்து புழுக்கையில் தென்பட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் குடல் புண்ணாகி விலங்கு மெலிந்து இறந்துவிடக் கூடும் என்பதால், புழுக்கையில் இல்லை என்ற ஒரே காரணத்தால் நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. மேலும் இது கனமானது. வழக்கமான உப்புக் கரைசலில் சரியாக மிதக்காது, அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில்தான் மேலே வரும். தங்கையின் ஆய்வகம் அதைப் பார்த்துச் சொல்லியிருப்பது அவளுடைய நல்ல காலம். அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிகளும், இடம் மாறி வந்த விலங்குகளும், பயணத்தாலோ பால்குடி மறப்பதாலோ சோர்ந்தவையும் இதற்கு எளிதில் இரையாகும். எழுதிக் கொடுத்த மருந்தை ஒரு வேளையும் விடாமல் முடிக்கச் சொல்லுங்கள்.

மருந்தளவைப் பற்றிய கேள்விக்கு என் பதில், ஆட்டின் அளவை அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்பதே. அல்பாக்காவுக்கென்று அனுமதி பெற்ற குடற்புழு மருந்துகள் பெரும்பாலான நாடுகளில் இல்லை. மருத்துவர்கள் பல மருந்துகளைச் செம்மறி அளவைவிடக் கூட்டியே கொடுக்கிறார்கள். ஆனால் எல்லா மருந்தையும் அப்படிக் கூட்ட முடியாது. அல்பெண்டசோலை உயர்ந்த அளவில் அடுத்தடுத்த நாட்களில் கொடுத்ததால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு அல்பாக்காக் குட்டிகள் இறந்திருக்கின்றன. முதுகில் ஊற்றும் வகை மருந்துகள் அதன் தோலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகிய மூன்றையும் அங்குள்ள மருத்துவரே முடிவு செய்யட்டும். நாம் இங்கிருந்து தொலைபேசியில் சொல்லக் கூடாது.

தம்பி எழுதிய கண் பார்க்கும் முறையை அல்பாக்காவிலும் செய்கிறோம். ஆனால் ஆட்டில் நம்புவது போல் அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. சில விலங்குகளின் சவ்வு நிறம் ஐயத்துக்கு இடமளிக்கும், எய்மீரியாவில் ரத்த சோகையே இல்லாமலும் மெலியும். அல்பாக்காவைப் பொறுத்தவரை கையும் தராசும்தான் முதல் மருத்துவர். அந்தக் கம்பளி மயிரை வெளியே நின்று பார்த்தால் எலும்பும் தோலுமான விலங்கும் கொழுத்ததாகவே தோன்றும். நான் பணிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், பண்ணையிலேயே அழகானது என்று நான் எண்ணியிருந்த வெள்ளைப் பெட்டையை மயிர் கத்தரிக்கப் பிடித்தோம். கத்தரி முதுகில் ஒரு முறை போய் வந்ததும், மயிர் விலகிய இடத்தில் முதுகெலும்பு கத்தி முனை போல நின்றது. சுற்றியிருந்த யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த அல்பாக்காவையும் கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

ஆகவே தங்கையிடம் இப்படிச் சொல்லுங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகுத் தண்டின் மேல், மயிருக்குள் விரல்களை விட்டுத் தோலைத் தொட வேண்டும். எலும்பின் முனையிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் சதை, நேரான சரிவாக இருந்தால் நலம். உள்வாங்கிக் குழிந்திருந்தால் மெலிவு. வெளியே புடைத்திருந்தால் கொழுப்பு. மாதம் ஒரு முறையும், மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறையும் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்து எடையோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். எடை இரண்டு முறை தொடர்ந்து இறங்கினால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், புழுக்கையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

ஐரோப்பாவில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சிறிய ஈரல் தட்டைப்புழு ஒன்று உண்டு. அது தரை நத்தைக்குள் வளர்ந்து, பிறகு எறும்புக்குள் புகுந்து, அந்த எறும்பைக் குளிர்ந்த வேளையில் புல்லின் நுனியைக் கடித்தபடி அசையாமல் தொங்க வைத்துவிடும். புல்லோடு எறும்பையும் தின்னும் செம்மறி அதை ஓரளவு தாங்கும். அல்பாக்காவின் ஈரலோ அதைத் தாங்காமல் சீழ்பிடித்துப் போகிறது. அதற்கான மருந்தும் வேறு, அளவும் மிக அதிகம். நம் வயல் நத்தையால் வரும் பெரிய தட்டைப்புழுவின் இனத்ததும் அங்கே ஈரமான மேய்ச்சலில் உண்டு. இவற்றின் முட்டைகள் எடை கூடியவை என்பதால் மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையில் தப்பிவிடும். வண்டலாகப் படியவிட்டுப் பார்க்கும்படி ஆய்வகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெடிலம் (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், கடலூர்)

பாகூர்த் தம்பி எழுதிய கண் பார்ப்பதின் வரம்பு ஆட்டுக்கும் ஓரளவு பொருந்தும் என்று சேர்த்துக்கொள்கிறேன். இங்கே தட்டைப்புழு, உண்ணி, உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சல் ஆகியவற்றாலும் கண் வெளுக்கும். வெளுத்த கண்ணோடு காய்ச்சலும் சிறுநீர் நிற மாற்றமும் இருந்தால் அதைக் குடற்புழு என்று எண்ணி நாளைக் கடத்த வேண்டாம். குட்டி ஈன்ற தாயாடுகளை இன்னும் கூர்ந்து பாருங்கள். ஈனும் காலத்தை ஒட்டி அவற்றின் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, புழுக்கையில் முட்டை திடீரெனப் பெருகும். அந்தப் புல்லில்தான் குட்டி முதல் முறையாக வாய் வைக்கிறது.

சங்கராபரணிக்கரை (கேள்வி கேட்டவர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆடுகளிலுள்ள புழுக்கள் அல்பெண்டசோலுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பது உறுதியாகிவிட்டது. எடை போட்டுச் சரியான அளவில் ஊற்றிய பிறகும், பன்னிரண்டாம் நாள் எடுத்த புழுக்கையில் முட்டை எண்ணிக்கை முன்பிருந்ததில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. மருத்துவர் வேறு குடும்பத்து மருந்தை எழுதிக் கொடுத்து, கண் வெளுத்த ஐந்து ஆடுகளுக்கு மட்டும் தம் கையாலேயே ஊற்றினார். மற்றவற்றைத் தொடவில்லை. ஐந்தில் ஒன்று தாளவில்லை, இறந்துவிட்டது. நான்கின் தாடை வீக்கம் வற்றிவிட்டது. அவற்றை இன்னும் கொட்டகையில் வைத்தே தழை ஒடித்துப் போடுகிறேன். தொங்கு தராசு வாங்கிவிட்டேன். தம்பி சொன்ன அதே வேறுபாடு எனக்கும் இருந்தது. என் கிடாயை நான் எட்டு கிலோ குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

தங்கையின் ஏழு அல்பாக்காக்களில் மூன்றின் முதுகு குழிந்திருந்ததை அவள் விரல் விட்டுப் பார்த்த பிறகே அறிந்தாள். அதில் ஒன்று, வந்த விருந்தினர் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போனதாம். வேலி ஓரத்தில் செம்மறிகள் மூக்கு நீட்டும் பக்கமாக ஒரு தடுப்பு வரிசை போட்டு, இடையில் மேயாத பாதை விட்டிருக்கிறார்கள். எய்மீரியா கண்ட குட்டி இரண்டு வாரம் எடை ஏறாமலேயே நின்றது. நேற்று அவள் அனுப்பிய எடைக் குறிப்பேட்டின் படத்தில், அந்தக் குட்டியின் பெயருக்கு நேரே 19.5 என்றிருந்ததை அடித்து 21 என்று எழுதி, பக்கத்தில் தமிழில் “பால் குடிக்கிறது, புல்லும் தின்கிறது” என்று குறித்திருந்தாள். தை பிறந்ததும் நானும் அவளும் ஒரே வாரத்தில் அடுத்த புழுக்கை மாதிரியைக் கொடுப்பதாக இருக்கிறோம். எண்ணிக்கை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.